நிற்காத ஏழாம் எண்

ஆடியில் கோடு போட்டோம்.
கச்சான் காற்று அளவுநாடாவைப் பாம்பாக்கி நெளிக்க
ஒரு முனையை நான் மிதித்துக்கொண்டேன்,
மறுமுனையில் மேஸ்திரி அருளப்பன் உட்கார்ந்தே விட்டார்.
மஞ்சள் பெயின்ட் காயுமுன் மணல் ஒட்டி
சொரசொரத்துப் போனது சட்டம்.

மண்டபம் வடகடல் இறங்குதளத்தின் எதிரே
பதினாறு கட்டங்கள், எண் போட்டு.
தென்கடல் சாலை முழுக்கச் சிவப்புப் பலகை.
ஏன் சிவப்பு என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை.
ஆடி மாதத் தென்கடலில்
நாயையும் நண்டையும் தவிர
யார் இருக்கிறார்கள் கேட்க?

ஏழாம் கட்டம் ஜெனோவாவுக்கு.
ஐஸ் கம்பெனி கழித்துப்போட்ட சின்ன யானை;
விலாவை அறுத்துக் கீல் வைத்து
ஜன்னலாக்கியிருந்தாள்.
விடியக்காலை மூன்றரைக்குப் புட்டு,
நண்டுக் குழம்பு,
காசில்லாதவனுக்கு வெறும் குழம்பு.

ஐப்பசியில் வாடை திரும்பியது.
ஒரே வாரத்தில் படகெல்லாம்
பாம்பன் பாலத்தடியில் நுழைந்து தெற்கே போயின,
வருஷா வருஷம் போவதுபோல.
கட்டங்கள் மட்டும் அங்கேயே கிடந்தன.
ஏழாம் எண்ணில் அன்றைய வியாபாரம்
ரயில்வே கேட் கீப்பர் ஒரு தட்டு, நான் ஒரு தட்டு.

கோடு போட்ட தாளில் மனு எழுதி வந்தாள்:
“ஐயா, கடல் இடம் மாறிவிட்டது.”
செயல் அலுவலர் சிரித்தார்; பிறகு
பச்சை மையில் ஓரத்தில் எழுதினார்:
கடல் நம் எல்லைக்குள் வராது. குழுவில் வைக்கவும்.
குழுவுக்கு ஆள் சேரவில்லை.
அடுத்த கூட்டம் பங்குனியில்.

சிவப்புப் பலகையை அவள் மூன்று முறை வாசித்ததாகச் சொன்னார்கள்.
இங்கு வண்டி நிறுத்தி வியாபாரம் செய்யக் கூடாது.
மூன்றாம் முறை
‘நிறுத்தி’யில் விரல் வைத்தாளாம்.

மறுநாள் விடியலில் தென்கடல் சாலையில்
ஒரு சின்ன யானை நடந்தது.
ஓட்டியவன் கொழுந்தன் மிக்கேல்;
மாதா சப்பரத்துக்கு டிராக்டர் ஓட்டிப் பழகிய கால்.
ஜன்னலோரம் லுங்கி நனைந்த முப்பது பேர்
தட்டோடு கூடவே நடந்தார்கள்.
ஐஸ் கம்பெனி வளைவில் வண்டி திரும்ப
வரிசையின் கடைசி ஆள் முதல் ஆளானான்,
அதற்கொரு சண்டை.

அபராதப் புத்தகத்தோடு என்னை அனுப்பினார்கள்.
நானும் நடந்தேன்.
“நின்னா எழுதுங்க சார்.”
“காசு வாங்கும்போது?”
“சில்லறையும் நடந்துதான் வருது.”
ரசீதில் ‘நிறுத்திய இடம்’ என்றொரு வரி;
அதை நிரப்பாமல் கிழிக்க முடியாது.
புட்டுத் தட்டை நீட்டினாள்.
கை இரண்டுதானே;
புத்தகத்தை ஒரு வலைக்காரப் பையன் வாங்கிக்கொண்டு
மரியாதையாகப் பின்னால் வந்தான்.

படகுக்காரர்கள் அவளை வைத்தே நேரம் சொன்னார்கள்:
“ஜெனோவா குடோனைத் தாண்டிட்டா, கிளம்புடா.”
கார்த்திகை மழையில் ஒருநாள் இன்ஜின் அணைந்தது.
நான் பேனா மூடியைக் கழற்றுவதற்குள்
எட்டுப் பேர் தட்டைக் கூரைமேல் வைத்துவிட்டுத் தள்ளினார்கள்.
நானும்தான், ஒரு கையால்.

கணக்குக் கேட்டேன்.
அபராதம் நூறு. டீசல் நூற்றிப்பத்து.
கட்டிவிட்டு நின்றால் பத்து ரூபாய் மிச்சம் என்றேன்.
குழம்பை ஊற்றியபடியே சொன்னாள்:
“பத்து போகட்டும். ரசீதுல எம்பேரு வேணாம்.”

பங்குனியில் குழு கூடித் தீர்மானம் போட்டது:
தென்கடல் சாலையில் பன்னிரண்டு கட்டங்கள்.
அதே மஞ்சள், அதே நாடா.
அருளப்பன் குனிந்து முதல் கோட்டை இழுக்கும்போது
முதல் படகுகள் பாலத்தடிக்குள்
வடக்கே நுழைந்துகொண்டிருந்தன.
ஏழு என்று எழுதி நிமிர்ந்தேன்.
எதிரே வந்த சின்ன யானை
ஹாரன் அடித்து, ஈரக் கோட்டை மிதிக்காமல்
எங்களைச் சுற்றிக்கொண்டு
வடகடல் பக்கம் போனது.
நிற்கவில்லை.